எண்பத்தேழு பைசா

1

போன வருடம் அப்பா கடையை மூடினார். ஆரணிக்கும் போளூருக்கும் நடுவே ஒரு சின்னக் கடைத்தெரு. அதில் உரக்கடைக்கும் டீக்கடைக்கும் இடையில் ஒற்றை அறை. மோட்டார் காயில் கட்டுகிற கடை. சுற்றுப்பட்ட ஊர்க் கிணறுகளிலிருந்து கருகின மோட்டார்கள் டிவிஎஸ் எக்ஸலிலும் மாட்டு வண்டியிலும் வந்து இறங்கும். அப்பா எரிந்த கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பார். கருகின வார்னிஷ் வாசனை எங்கள் வீட்டுத் துணிமணியில்கூட இருக்கும். நான் இன்ஜினியரிங் படித்ததும், இன்று பெங்களூரில் உட்கார்ந்து கோட் எழுதுவதும் அந்தக் கடையின் வருமானத்தில்தான்.

கடையைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில், பொருளாதாரத்தில் ஆய்வு செய்கிற நண்பன் ஒரு புத்தகம் அனுப்பினான். "உங்க ஊரைப் பத்தினதுதான்டா, படிச்சுப் பாரு." பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் எழுதிய 'தி கிரீன் ரெவல்யூஷன் ரீகன்சிடர்ட்'. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகம் 1991-ல் வெளியிட்ட நூல். உயர்விளைச்சல் நெல் ரகங்கள் தென்னிந்தியாவில் என்ன மாற்றத்தை உண்டாக்கின என்பது அதன் பொருள். அட்டையில் தென்னிந்தியா என்று இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மாவட்டம்: பழைய வட ஆற்காடு. 1989-ல் இரண்டாகப் பிரிந்து, 2019-ல் அதில் ஒரு துண்டு மறுபடி மூன்றாகப் பிரிந்து, இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகக் கிடக்கும் எங்கள் மாவட்டம்.

பொருளாதாரப் படிப்பில் இந்த நூலை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு எண்ணுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். 0.87. வட ஆற்காட்டில் விவசாயத்தின் கூட்டு மதிப்பு ஒரு ரூபாய் ஏறினால், அதே வட்டாரத்தில் விவசாயம் அல்லாத துறைகளில் மேலும் 87 பைசா மதிப்பு உண்டாகிறது. கூட்டு மதிப்பு என்பது விற்ற விலையிலிருந்து, அதற்காக வெளியே வாங்கிய பொருட்களின் விலையைக் கழித்தால் மிஞ்சுவது. வயலில் ஒரு ரூபாய் கூடினால் ஊரில் ஒரு ரூபாய் எண்பத்தேழு பைசா கூடுகிறது.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: எங்கப்பா கடை இந்த எண்பத்தேழு பைசாவுக்குள்ளதான் இருக்கு.

ஆகவே இந்த எண்ணோடு எனக்கு ஒரு சொந்த வழக்கு உண்டு. எண் தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. அது சரியாகவே இருந்தாலும், நாம் அதில் வாசிக்க ஆசைப்படுகிற விஷயம் அதில் இல்லை என்பதே என் வாதம்.

2

முதலில் இந்த நூலுக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடலாம்.

1958-ல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் பொருளாதார வளர்ச்சியின் வியூகம் பற்றி எழுதிய நூலில் 'லிங்கேஜ்' என்ற சொல்லைப் பெரிய அளவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு துறை தனக்கு வேண்டியதை மற்ற துறைகளிடம் வாங்குவது பின்னோக்கிய இணைப்பு. தன் விளைபொருளை மற்ற துறைகளுக்குக் கச்சாப் பொருளாகக் கொடுப்பது முன்னோக்கிய இணைப்பு. இரும்பாலை வந்தால் நிலக்கரியும் ரயிலும் இயந்திரமும் சேர்ந்து வளரும். விவசாயம்? மழை, மண், மாடு, வீட்டில் எடுத்து வைத்த விதை. யாரிடமும் பெரிதாக எதையும் வாங்குவதில்லை. எனவே மற்ற துறைகளை இழுத்துக்கொண்டு போகும் பலம் அதற்கு இல்லை என்பது அவர் தீர்ப்பு. கனரகத் தொழிலுக்கே முதலிடம் என்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்த அரசுகளுக்கு இது காதில் தேனாகத்தான் விழுந்திருக்கும்.

1961-ல் புரூஸ் ஜான்ஸ்டனும் ஜான் மெல்லரும் இதற்கு எதிர்வழக்கு வைத்தார்கள். 1976-ல் மெல்லர் இந்தியாவை முன்வைத்து எழுதிய நூலில் அதை இன்னும் விரித்தார். விவசாயி வயலுக்காக மட்டும் வாங்குகிறவர் இல்லை, வீட்டுக்காகவும் வாங்குகிறவர் என்பது அவர் சொன்னதன் சாரம். கையில் நாலு காசு வந்தால் கூரையைப் பிரித்து ஓடு போடுவார். பையனைப் படிக்க வைப்பார். சைக்கிள் வாங்குவார். தையல்காரர், கொத்தனார், டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று அந்தக் காசு சுற்றும். இதற்கு நுகர்வு இணைப்பு என்று பெயர். ஹிர்ஷ்மன் வயலைப் பார்த்தார், வீட்டைப் பார்க்கவில்லை.

சரி, இந்த நுகர்வு இணைப்பு எவ்வளவு? யாராவது போய் அளக்க வேண்டுமே. இங்கேதான் வட ஆற்காடு வருகிறது. 1973-74-ல் கேம்பிரிட்ஜ், சென்னை ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்தின் சில கிராமங்களையும் இலங்கையின் அம்பாந்தோட்டையையும் ஆராய்ந்தார்கள். பி. எச். ஃபார்மர் பதிப்பித்து 1977-ல் வந்த அந்த நூலின் தலைப்பு 'கிரீன் ரெவல்யூஷன்?' அந்தக் கேள்விக்குறியில் அவர்களுடைய சந்தேகம் முழுவதும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, 1982-க்கும் 1984-க்கும் இடையில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வாஷிங்டனில் இருக்கும் சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் மறுபடி இதே பகுதிக்கு வந்தன. ராமசாமி அந்தப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர், பின்னாளில் அதன் துணைவேந்தரும் ஆனார்.

வீடு வீடாகப் போய், எவ்வளவு விளைந்தது, எவ்வளவு விற்றீர்கள், எதற்குச் செலவு செய்தீர்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். டவுன் கடைகளிடமும் கேட்டார்கள். அவர்கள் கண்டது எழுபதுகளின் அவநம்பிக்கைக்கு எதிரானது. புது ரகங்கள் பரவியிருந்தன, பலன் பெரிய நிலக்காரர்களோடு நின்றுவிடவில்லை, சிறு விவசாயிகளும் நிலமில்லாதவர்களும் ஓரளவு மேலே வந்திருந்தார்கள். அந்த 87 பைசாவைப் பிரித்தால் ஏறக்குறையப் பாதி, விவசாயம் வாங்கும் இடுபொருட்களிலிருந்தும் நெல்லை அரைத்து விற்கும் வேலைகளிலிருந்தும் வந்தது. மீதிப் பாதி வீட்டுச் செலவிலிருந்து வந்தது. ஹிர்ஷ்மன் பார்க்கத் தவறிய பாதி.

ஒரு மாவட்டத்தின் கணக்கை இவ்வளவு பொறுமையாக எடுத்த புத்தகங்கள் நம்மிடம் குறைவு. என் ஊரைப் பற்றி ஒரு நாவலும் எனக்குச் சொல்லாததை இந்த அட்டவணைகள் சொல்லின.

3

இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும். பயப்பட வேண்டாம், கணக்கு எளிது.

வாசிலி லியோன்டிஃப் 1936-ல் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு ஓர் அட்டவணை போட்டார். குறுக்கு வரிசையில் விற்பவர்கள், நெடுக்கு வரிசையில் வாங்குபவர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்ற தொகை. அவ்வளவுதான். இதற்காக 1973-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. 1949-ல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் இதை ஓட்டிப் பார்த்தபோது, கையில் 500 துறைகளின் விவரம் இருந்தது. அந்த இயந்திரத்தால் அவ்வளவைத் தாங்க முடியாது. அதனால் 42 துறைகளாகச் சுருக்கினார். எதை எதோடு சேர்ப்பது என்பது முதல் நாளிலிருந்தே இந்த முறையோடு கூடப் பிறந்த பிரச்சினை.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஒரு சின்ன பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணினால் அது இன்னும் நாலைக் கூப்பிடும், அந்த நாலும் ஆளுக்கு ஐந்தைக் கூப்பிடும். லியோன்டிஃப் அட்டவணை ஒரு டிபெண்டன்சி கிராஃப். ஒரு ரூபாயை ஒரு முனையில் போட்டு, அது எத்தனை இடம் போய் எங்கே தேய்ந்து நிற்கிறது என்று பார்ப்பதுதான் கணக்கு.

ஒரு ரூபாயில் ஐம்பது பைசா உள்ளூரிலேயே மறுபடி செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐம்பதில் இருபத்தைந்து மறுபடி, அதில் பன்னிரண்டரை மறுபடி. கூட்டினால் கடைசியில் இன்னொரு ரூபாய் வரும். வட ஆற்காட்டு நூலில் இருப்பது இதைவிடச் சிக்கலான 'சமூகக் கணக்கு அணி'. துறைகளோடு குடும்பங்களையும் வகை பிரித்து உள்ளே வைப்பது. ஆனால் அடிப்படை இதேதான். ஒவ்வொரு சுற்றிலும் 46 பைசாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளூரில் தங்கினால், கடைசியில் 87 பைசா சேரும். மீதி ஒவ்வொரு சுற்றிலும் மாவட்டத்தை விட்டு ஒழுகிப் போய்விடுகிறது.

அப்பாவிடம் இதை ஒருநாள் சொன்னேன். ஒரு ரூபா நெல்லு வெளைஞ்சா ஊர்ல எண்பத்தேழு பைசா கூடுதலா சம்பாரிக்கிறாங்களாம்ப்பா.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "செம்பு வெலய கழிச்சிட்டாங்களா?"

கழித்துவிட்டார்கள். செப்புக் கம்பி சென்னையிலிருந்து வந்தது. ஒரு மோட்டாருக்கு அப்பா வாங்குகிற பில்லில் பெரும்பங்கு கம்பி விலையாக அப்படியே வெளியே போய்விடும். அவருடைய கூலி மட்டும்தான் இந்த 87 பைசாவில் சேரும். கூட்டு மதிப்பு என்பதை நான் காலேஜில் படித்துப் புரிந்துகொண்டேன். அவர் கடை வைத்துப் புரிந்துகொண்டிருக்கிறார்.

4

இந்த முறையின் மீது வைக்கப்பட்ட விமர்சனங்கள் புதிதல்ல. இதே முறையின் முதல் பெரிய சோதனைக் களம் மலேசியாவின் மூடா. கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் அணை கட்டி இருபோக நெல் கொண்டுவந்த பாசனத் திட்டம். 1982-ல் பெல், ஹேசல், ஸ்லேட் மூவரும் அதை ஆராய்ந்து, நேரடிப் பலன் ஒவ்வொரு டாலருக்கும் இன்னும் 80 காசு அளவுக்கு மறைமுகப் பலன் என்று காட்டினார்கள். மூடாவுக்கும் ஆரணிக்கும் என்ன சம்பந்தம் என்றால், எங்கள் ஊர் மில்களில் அரைபடும் பொன்னியே மலேசியாவின் மசூரி ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். நெல்லும் அங்கிருந்து வந்தது, நெல்லை அளக்கும் முறையும் அங்கிருந்து வந்தது.

அதே மூடாவில், எழுபதுகளின் கடைசியில், ஜேம்ஸ் ஸ்காட் என்ற அரசியல் அறிஞர் ஒரு கிராமத்தில் தங்கி எழுதிய நூல்தான் 1985-ல் வந்த 'வெப்பன்ஸ் ஆஃப் த வீக்'. அறுவடை இயந்திரம் வந்து ஏழைகளின் அறுப்பு வேலையையும் கதிர் பொறுக்கும் உரிமையையும் பறித்தபோது, அவர்கள் வெளிப்படையாகச் சண்டை போடாமல் எப்படி முணுமுணுத்தும் இழுத்தடித்தும் எதிர்த்தார்கள் என்பது அந்த நூல். ஒரே இடம், ஏறக்குறைய ஒரே காலம். ஒரு நூலில் 80 காசு, இன்னொன்றில் வேலையிழந்த பெண்களின் வசை. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் சங்கடம்.

1989-ல் ஜில்லியன் ஹார்ட் மூடாவை வைத்தே இந்த இணைப்புச் சர்ச்சையை மறுபடி கிளறினார். எங்கள் பக்கத்தில் பார்பரா ஹாரிஸ்-வைட் 1987-லேயே கேள்வி எழுப்பிவிட்டார். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை ஆரணிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த பொருளாதார அறிஞர் அவர். அவர் பதிப்பித்து 2016-ல் வந்த தொகுப்பு நாற்பதாண்டு ஆரணியின் கதை. அவர் எழுத்தில் சந்தை என்பது ஆட்கள். மில்லுக்காரர், அவர் கொடுக்கும் முன்பணம், அதற்காக அவரிடமே விற்றாக வேண்டிய நெல், யார் எந்தத் தொழிலில் நுழையலாம் என்று முடிவுசெய்யும் சாதி. அட்டவணையில் ஒரு கட்டத்தில் "விவசாயத்திலிருந்து அரிசி ஆலைக்கு" என்று ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகை எப்படிப் பேசி முடிவானது என்பது அங்கே இருக்காது.

ஹேசலும் இதிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டவர் அல்ல. அதே 1991-ல் ஹேக்பிளேட், ஹேமர் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, விலை மாறாது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்குகள் பெருக்கத்தைக் கூட்டிக் காட்டும் என்று ஒப்புக்கொள்கிறது. உண்மையில் தேவை கூடினால் கொத்தனார் கூலியும் கூடும், ரூபாய் அவ்வளவு தூரம் ஓடாது.

இந்த விமர்சனங்கள் எல்லாம் நியாயமானவை. எண் கொஞ்சம் பெரிது, எல்லைக்கோடு வசதியான இடத்தில் போடப்பட்டிருக்கிறது, அதிகாரம் கணக்கில் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இணைப்பு பலமாக இருந்தால் நல்லது, சண்டை அது எவ்வளவு பலம் என்பதில்தான். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

5

அப்பாவின் கடைக்கு மோட்டார் எப்போது வரும்? நல்லா விளையும்போது வரும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நான் கடையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதின வருடங்களில் பார்த்தது வேறு. மழை நன்றாகப் பெய்த வருடம் கடையில் ஈ ஓடும். கிணறு மேலேயே நிற்கும், மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினால் போதும். மழை பொய்த்தால் கூட்டம். தண்ணீர் கீழே இறங்க இறங்க மோட்டார் அதிக நேரம் ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் வோல்டேஜ் இறங்கும். மூணு ஃபேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு ரெண்டு ஃபேஸில் ஓட்டுவார்கள். காயில் கருகும். 5 ஹெச்பி போதாமல் 7.5 ஆகும், 10 ஆகும். கிணற்றுக்குள்ளேயே போர் போட்டு சப்மெர்சிபிள் இறக்குவார்கள். அது தண்ணீராலேயே குளிர்ச்சியாகிற மோட்டார். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போனால் எரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தது ஒரு வறட்சி வருடத்தில்.

இப்போது இதை அட்டவணையில் போடலாம். ஒரு விவசாயி 100 ரூபாய்க்கு நெல் விற்கிறார். அதில் 20 ரூபாய் மோட்டார் ரிப்பேர், உரம், மருந்து என்று உள்ளூரில் கொடுக்கிறார். கையில் 80. எளிமைக்காக, அந்த 20-ம் உள்ளூர்க்காரர்களின் வருமானமாகவே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விவசாயத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியே 25 பைசா. பத்து வருடம் கழித்து, அதே நெல், அதே 100 ரூபாய். ஆனால் தண்ணீர் இறங்கிவிட்டதால் இப்போது 40 ரூபாய் கொடுக்கிறார். கையில் 60. ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியே 67 பைசா.

விவசாயி இருபது ரூபாய் நஷ்டப்பட்டிருக்கிறார். இணைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் பலப்பட்டிருக்கிறது.

இது தந்திரக் கணக்கு இல்லை. பின்னோக்கிய இணைப்பு என்பதன் இலக்கணமே இதுதான். ஒரு ரூபாய்ச் சரக்கு விளைவிக்க வெளியாரிடம் எவ்வளவு வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்தக் கட்டத்தில் இருக்கும் எண். புது உழவுக்கருவி வாங்கி விளைச்சலை இரட்டிப்பாக்கினாலும் அந்த எண் ஏறும். கிணறு வற்றி, மூன்றாவது தடவை மோட்டார் கருகினாலும் ஏறும். முதலாவது தேவை, இரண்டாவது தண்டம். அட்டவணைக்கு இரண்டும் ரூபாய்.

ஹிர்ஷ்மனின் விவசாயிக்கு இணைப்பு இல்லை. மழையில் விதைத்து, மாட்டில் உழுது, வீட்டு விதையைப் போட்டவர் அவர். அவரை ஏழை என்று சொல்லலாம், ஆனால் அவர் யாருக்கும் பில் கட்டவில்லை. என் அப்பாவின் வாடிக்கையாளருக்கு இணைப்புகள் ஏராளம். உரக்கடை, மருந்துக்கடை, போர் வண்டி, டிராக்டர் வாடகை, காயில் கட்டுகிறவர். அவர் வருமானம் எங்களைப் பிடித்து உயர்த்தியது உண்மை. நாங்கள் அவரைப் பிடித்துத் தொங்கியதும் உண்மைதான்.

வட ஆற்காட்டு நூலின் 87 பைசாவில் இப்படிப்பட்ட தண்டம் எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பிரிக்கவே முடியாது. இதை ஆசிரியர்களின் நேர்மைக் குறைவாக நான் பார்க்கவில்லை. அவர்கள் ஏற்றத்தின் காலத்தில் அளந்தார்கள். ஏற்றத்தில் பெரும்பாலான செலவு தேவைதான். ஆனால் அந்த எண் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று பிற்பாடு அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். ஒரு ரூபாய் ஏறினால் 87 ஏறும், ஒரு ரூபாய் இறங்கினால் 87 இறங்கும் என்று. கடையிலிருந்து பார்த்தால் அப்படி நடக்கவில்லை. விவசாயம் இறங்க இறங்க எங்கள் வியாபாரம் ஏறியது. பிறகு ஒருநாள் கிணறுகள் நிஜமாகவே தீர்ந்து, பிள்ளைகள் திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய், நிலம் பிளாட் ஆனபோது, மோட்டார்கள் வருவது நின்றது. இணைப்பு மெல்லத் தேயவில்லை. உச்சத்தில் இருந்தபோது அறுந்தது.

6

"சரி, ரிப்பேர் செலவாவது கணக்கில் வந்தது. வராததைப் பற்றி என்ன சொல்கிறாய்?" என்றான் நண்பன், இதுவரை எழுதியதை வாசித்துவிட்டு. சரியான கேள்வி.

அட்டவணையில் நுழைய ஒரே நுழைவுச்சீட்டு விலை. தமிழ்நாட்டில் 1990-களின் தொடக்கத்திலிருந்து பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். அதனால் ஒரு விவசாயி வாங்குவதில் மின்சாரத்துக்கு நேராக ஏறக்குறைய பூஜ்யம். நிலத்தடி நீருக்கு அதுவும் இல்லை, ஒரு வரிசையே கிடையாது. நெல்லின் மிகப் பெரிய இடுபொருள் அட்டவணையில் பெயரே இல்லாமல் இருக்கிறது.

இன்னும் கசப்பான உதாரணம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. தோல் பதனிடுதல் எங்கள் மாவட்டத்தின் பெருமைமிக்க ஏற்றுமதித் தொழில். அட்டவணையின் கண்ணில் அது அழகான முன்னோக்கிய இணைப்பு: மாடு, ஆடு, தோல், செருப்பு, டாலர். ஆனால் பதனிட்ட கழிவு நீர் வயலுக்கும் கிணற்றுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஆக்கியது. அந்தத் தீர்ப்பு ஒரு கணக்கெடுப்பைச் சுட்டுகிறது: தோல் தொழிற்பட்டையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிர் செய்ய லாயக்கில்லாமல் போனது. கணக்கெடுத்தது யார்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம்.

0.87-ஐக் கண்டுபிடிக்க உதவிய அதே பல்கலைக்கழகம். விவசாயத்திலிருந்து தொழிலுக்குப் போகும் நூலை ஒரு கணக்கு அளந்தது. தொழிலிலிருந்து விவசாயத்துக்குத் திரும்பிய கழிவை இன்னொரு கணக்கு அளந்தது. முதலாவது பொருளாதார நூலில் இருக்கிறது, இரண்டாவது கோர்ட் தீர்ப்பில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு வரவில்லை.

முடியாது என்பதற்காக இல்லை. லியோன்டிஃபே 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். தன் அட்டவணையில் மாசுக்கு ஒரு வரிசையும், அதைச் சுத்தம் செய்யும் வேலைக்கு ஒரு நெடுக்கையும் சேர்த்துக் காட்டினார். ஒவ்வொரு துறையும் என்ன வாங்குகிறது என்பதோடு, எதை வெளியே தள்ளுகிறது என்பதையும் எழுதலாம். கணிதம் அப்படியே வேலை செய்யும். 2012-ல் ஐ.நா. சுற்றுச்சூழல்-பொருளாதாரக் கணக்கு முறை ஒன்றைச் சர்வதேசத் தரமாகவே ஏற்றுக்கொண்டது. ஆக, இன்னொரு வரிசை சேர்க்க அட்டவணையில் எப்போதும் இடம் இருந்தது. மார்க் 2 காலத்தில் 500-ஐ 42 ஆக்கினோம், இயந்திரம் தாங்காது என்று சொன்னோம். இன்று என் மடியில் இருக்கும் லேப்டாப் லட்சம் வரிசைகளைத் தாங்கும். எந்த வரிசையைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்குக் கிணற்றின் ஆழம் ஒரு செலவாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வட்டாரத்தில் விவசாயம் மற்ற துறைகளோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்று இனி யாராவது அளக்கப் போனால், பெருக்கி எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல் மூன்று கேள்விகளையும் கூடவே கேட்கலாம். விவசாயி கொடுக்கிற ரூபாயில் எவ்வளவு அதிகம் விளைவிக்க, எவ்வளவு இருந்ததைக் காப்பாற்ற? இணைப்பின் மறுமுனையில் இருப்பவரின் நல்ல வருடமும் விவசாயியின் நல்ல வருடமும் ஒன்றுதானா? விலை இல்லாமல் போன எது, இந்த ரூபாயைச் சுற்ற விட்டுக்கொண்டிருக்கிறது? மூன்றுக்கும் கள ஆய்வில் பதில் கிடைக்கும். ஹேசலும் ராமசாமியும் போன அதே வீடுகளில், இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்.

7

இப்படி யாரும் பதிவு செய்ததே இல்லை என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்ள இருந்தேன். அப்புறம் கடைச் சாமான்களுக்குள் அப்பாவின் நோட்டுகள் கிடைத்தன. நீளவாக்கில் மடித்த, அட்டை கிழிந்த கணக்கு நோட்டுகள். தேதி, பேர், ஊர், ஹெச்பி, பில், பாக்கி. அதோடு ஒரு கட்டம் கூடுதலாக: காரணம்.

"இது எதுக்குப்பா?"

"கேரண்டி குடுக்கிறமே. ஆறு மாசத்துல திருப்பி எடுத்துகினு வந்து 'இன்னா நீ கட்ன காயில் இப்டி பூட்ச்சி'ம்பாங்க. என் மேல தப்புன்னா சும்மா கட்டித் தரணும். கெணத்துல தண்ணி இல்லாம ஓட்டியிருந்தா நான் இன்னா பண்றது? அதான் எழுதி வெச்சிக்கிறது."

ஆரம்ப கால நோட்டில் 'பேரிங்' என்றும் 'இடி' என்றும் இருக்கிறது. பிறகு 'லோ வோல்ட்'. அதன் பிறகு பக்கம் பக்கமாக ஒரே சொல் கீழே இறங்கிக்கொண்டே போகிறது: 'தண்ணி இல்ல'. சில இடங்களில் பேரும் ஊரும் மட்டும் மாறி, காரணத்துக்கு இரண்டு புள்ளி வைத்து 'மேற்படி' போட்டிருக்கிறார். ஒரே ஆளின் ஒரே மோட்டார் ஒரே கோடையில் மூன்று தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பில் இருக்கிறது. அந்தப் பில்களில் ஒன்றோ இரண்டோ என் செமஸ்டர் ஃபீஸாகவும் இருந்திருக்கும்.

கடைசி நோட்டில் கடைசியாக எழுதின வரியில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, பாக்கி மட்டும் காலி. கட்டி முடித்த அந்த மோட்டார் இப்போது எங்கள் வீட்டு வராந்தாவில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. பணம் வாங்கியாச்சா, பாக்கியா என்று கேட்டேன்.

"அவரு வர்லடா."

ஃபோன் பண்ணிக் கேட்கக் கூடாதா என்றேன்.

"இன்னான்னு கேக்குறது? கெணத்துல தண்ணி இல்லாதவருக்கு மோட்டாரு இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, சாக்கை இழுத்து மோட்டாரை முழுசாக மூடினார்.